சிகிரியா அரண்மனையின் மகளிர்

தம்புள்ளைக் குகை விகாரையைக் கண்டுவிட்டு ஹபரணை வீதி வழியே வடக்கே செல்வோர், இனாமலுவைச் சந்தியில் வலப்புறம் திரும்பினால் சிகிரியாக் குன்றை அடையலாம். அங்கே கி.பி. 477 முதல் 495 வரை அரசோச்சிய காசியப்பனின் வரலாற்றை மாணவர்கள் அறிவார்கள். தந்தையின் அரசைக் கவர்ந்து, தம்பி மொகல்லானனுக்கு அஞ்சிக் குன்றின் உச்சியில் மாளிகை எழுப்பியவன் அவன். ஆயினும் அவ்வரலாற்றின் தோற்றுவாய் ஓர் அரண்மனைப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையாகும்.

காசியப்பனின் தந்தை தாதுசேனனுக்கு உயிரினும் இனிய மகள் ஒருத்தி இருந்தாள். அவளைத் தன் சகோதரியின் மகனுக்கே மணமுடித்து, அவனைச் சேனாபதியாகவும் ஆக்கினான் மன்னன். அவனோ, குற்றம் ஏதுமறியா மனைவியைச் சவுக்கினால் தொடையில் அடித்தான். மகளின் ஆடையில் குருதிக் கறையைக் கண்ட தாதுசேனன், சினம் மேலிட்டு, மருமகனின் தாயை, அதாவது தன் உடன்பிறந்தாளை, ஆடை களைந்து எரித்துக் கொல்வித்தான். அடித்தவன் ஒருவன், எரிந்தவள் வேறொருத்தி! என்ன நீதி இது? வஞ்சினம் கொண்ட சேனாபதி காசியப்பனைத் தூண்டிவிட்டான். தாதுசேனன் சிறைப்பட்டு மாண்டான். இவ்வளவும் கூறும் சூளவம்சம், அவ்விரு பெண்களின் பெயர்களை அங்கே கூறாமலே சென்றுவிடுகிறது.

காசியப்பனின் தாயும் பெயரற்றவளாகவே நிற்கிறாள். மொகல்லானனின் தாய்க்கு நிகரான குலத்தவள் அல்லள் என்ற ஒரு குறிப்போடு அவள் கதை முடிந்துவிடுகிறது.

எழுத்தில் இடம்பெறாத அரண்மனை மகளிர் வண்ணத்தில் இடம்பெற்றனரோ என்று எண்ணத் தோன்றுகிறது. குன்றின் மேற்குப் புறத்தில், மேகங்களுக்கு மேல் இடைவரை தோன்றும் நங்கையர் ஏறத்தாழ 20 பேர் இன்றும் எஞ்சியுள்ளனர். பொன்னிற மேனியும் மணிமுடியும் மெல்லிய துகிலுமாகத் தலைவி நிற்க, கருநிறத் தோழி மார்க்கச்சை அணிந்து மலர்த்தட்டு ஏந்தி நிற்பாள். தோழியின் அணிகலன்கள் குறைவு. ஆனால் அவள் முகத்தில் அடக்கமும் கவனமும் மிகுதி. ஓவியனின் பரிவு அவள் பக்கமே என்பது என் எண்ணம்.

இவர்கள் யாவர்? பிதுரங்கல விகாரைக்கு மலர் கொண்டு செல்லும் அரசவை மகளிரும் அவர்தம் சேடியரும் என்றார் தொல்பொருள் ஆணையாளர் பெல். தேவமாதர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. மின்னற் கன்னியரும் மேகக் கன்னியரும் என்றார் பரணவிதான. எவர் கூற்று மெய்யாயினும், தட்டை ஏந்தும் விரல்களின் பாங்கையும் கொண்டையில் பூச்சூடும் வகையையும் ஓவியன் வானுலகில் கற்றிருக்க முடியாது. கண்ணெதிரே நடமாடிய அந்தப்புரப் பெண்களிடமே கற்றிருப்பான்.

அரண்மனை பாழடைந்து சில நூற்றாண்டுகள் சென்றபின், யாத்திரிகர் பலர் அந்நங்கையரைக் கண்டு கண்ணாடிச் சுவரில் சிங்களக் கவிகளைக் கீறி வைத்தனர். அவற்றுள் 685 கவிகளைப் பரணவிதான 1956இல் நூலாக வெளியிட்டார். ஐந்நூறு மங்கையர் என்று ஒரு கவி கணக்குச் சொல்கிறது. எழுதியோருள் பெண்களும் உளர். மகாமாதன் என்பானின் மனைவி தேவா, சித்திர நங்கை தனக்குப் போட்டியாய் நிற்பதாக எண்ணி ஊடிப் பாடியிருக்கிறாள். கவியுடன் தன் பெயரையும் பொறித்துவிட்டே கீழே இறங்கியிருக்கிறாள்.