நம்ம கதையை யார் எழுதுவது?



"சுயசரிதை" என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்கள் மனதில் யார் யார் முகம் வருகிறது? ஒரு தலைவர், ஒரு விஞ்ஞானி, ஒரு நடிகர், ஒரு கிரிக்கெட் வீரர்... இந்த வரிசையில் நம் வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கிற யாராவது வருகிறார்களா? வர மாட்டார்கள். சாதித்தவர்கள்தான், அதுவும் தலை நரைத்த பிறகுதான், தன் கதையை எழுத வேண்டும் என்று நாமாகவே ஒரு முடிவு செய்து வைத்திருக்கிறோம். அந்த முடிவை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. நாம் எழுத வேண்டும். இப்போதே எழுத வேண்டும். முடிந்தால் அச்சிலும் கொண்டு வர வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். நாம் எழுதாவிட்டாலும் நம் கதையை உலகம் எழுதாமல் விடுவதில்லை. ஒரு பாரத்தில், ஒரு கட்டத்தில், ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிடுகிறது! கேம்பஸ் இன்டர்வியூ பாரத்தில் "தந்தையின் தொழில்" என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் என் அப்பாவுக்குப் பெயர் "கூலி". அவ்வளவுதான்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் பள்ளிபாளையத்துக்கும் நடுவில் இருக்கிறது. திருச்செங்கோட்டில் இருந்து கிளம்புகிற போர்வெல் வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன. என் அப்பா 22 வருஷமாக அப்படி ஒரு வண்டியில் போகிறார். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். 20 அடி ராடு ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே இறங்கும்போது மேலே வருகிற தூளின் நிறத்தைப் பார்த்தே "பாறை மாறிருச்சு" என்பார். கம்ப்ரசர் சத்தம் கொஞ்சம் இழுத்தால் போதும், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். நாம் அதே கம்ப்ரசருக்குப் படம் போட்டு, பாகம் குறித்து, மார்க் வாங்குகிறோம். அவர் அதோடு 22 வருஷம் குடித்தனமே நடத்தியிருக்கிறார்! அந்த அனுபவம் நம் பாடப் புத்தகத்தில் இல்லை. பாரத்தில் அதற்குப் பெயர் "கூலி".

அம்மா விசைத்தறி ஓட்டுகிறார். தறிப்பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் காதில் விழாது. வாயசைவும் கை ஜாடையும்தான் அங்கே பாஷை. வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்தில் நின்ற காது, வீட்டுக்கு வந்தாலும் சத்தமாகவே பேசச் சொல்லும். அம்மா போன் செய்தால் ஹாஸ்டலில் பக்கத்து ரூம் வரை கேட்கும். "என்ன மாப்ள, உங்கம்மா சண்டை போடறாங்களா?" என்று சிரிப்பார்கள். "சாப்டியா கண்ணு?" என்றுதான் கேட்டிருப்பார்! சிரிக்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்குத் தறிச் சத்தம் தெரியாது. யாராவது எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

டிப்ளமோ முடித்துப் பி.இ. சேர நினைப்பவர்களுக்கு "முதல் தலைமுறை பட்டதாரி" சான்றிதழ் தெரிந்திருக்கும். நல்ல திட்டம், என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அந்தக் காகிதம் சொல்வது என்ன? இந்தக் குடும்பத்தில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லை என்பதை. "இல்லை" என்பதை எழுத அரசாங்கத்தில் பாரம் இருக்கிறது. எங்கள் வீட்டில் என்னவெல்லாம் இருந்தது என்பதை எழுத எந்தப் பாரமும் இல்லை. அதை எழுத எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் ஆள் நான்தான். உங்களில் பாதிப் பேருக்கு உங்கள் வீட்டில் அதே நிலைமைதான்.

இதைச் சொன்னதும் நண்பர்கள் மூன்று ஆட்சேபணை சொன்னார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "பதினெட்டு வயசுல என்னடா சரித்திரம்?"

ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். "என் சரித்திரம்" என்று ஆனந்த விகடனில் வாரா வாரம் எழுதத் தொடங்கியது 1940-இல். அப்போது அவருக்கு ஏறத்தாழ 85 வயது. 1942 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். கதை பாதியிலேயே நின்றுபோனது. அவருடைய பிற்கால வாழ்க்கை அவர் கையால் எழுதப்படாமலே போய்விட்டது. எழுதிய வரைக்கும் 1950-இல் புத்தகமாக வந்தது. அத்தனை ஞாபகசக்தி உள்ளவருக்கே காலம் போதவில்லை என்றால், நாம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்? இன்னொரு பக்கம் பாருங்கள். ஆன் பிராங்க் டைரி எழுத ஆரம்பித்தது 1942-இல், 13 வயதில். நாஜிகளின் முகாமில் அந்தப் பெண் இறந்த பிறகு, 1947-இல் அவளுடைய அப்பா அதைப் புத்தகமாக்கினார். மலாலாவின் புத்தகம் 2013-இல் வந்தபோது அவருக்கு வயது 16. பதினெட்டு ஒன்றும் சின்ன வயசு இல்லை நண்பர்களே!

இரண்டாவது, "நாம என்ன சாதிச்சிட்டோம்?" என் அம்மாவும் இதையேதான் கேட்டார். "ஏங்கண்ணு, நம்ம பொழப்ப எவன் காசு குடுத்து வாங்கிப் படிப்பான்?"

புதுச்சேரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீரம்மா என்று ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்லச் சொல்ல, ஜோசியான் ராசின் என்ற ஆய்வாளர் டேப்பில் பதிவு செய்தார். அது 1995-இல் பிரெஞ்சு மொழியிலும் 1997-இல் ஆங்கிலத்திலும் புத்தகமாக வந்தது. களை பறித்தது, பிள்ளை பெற்றது, பிரசவம் பார்த்தது, பாட்டுப் பாடியது... இதுதான் அந்தப் புத்தகம். வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள்! நம் பாட்டி சொன்னதை எழுத வெளியில் இருந்து ஆள் வர வேண்டுமா? நம் சட்டைப்பையில் இருக்கிற செல்போனிலேயே ரெக்கார்டர் இருக்கிறதே!

சாதித்தவர்கள் எழுதியதிலும் நம் மனதில் நிற்பது எது என்று யோசியுங்கள். அப்துல் கலாமின் "அக்னிச் சிறகுகள்" 1999-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ராக்கெட் விவரம் எனக்குப் பாதி மறந்துவிட்டது. எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் போல தேவைப்பட்டபோது அவருடைய அக்கா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தாரே, அது மறக்கவில்லை. நம்மில் எத்தனை பேருடைய அட்மிஷன் ரசீதுக்குப் பின்னால் ஓர் அடகுச் சீட்டு இருக்கிறது!

இரட்டைமலை சீனிவாசன் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர். 1939-இல் அவர் "ஜீவிய சரித்திர சுருக்கம்" என்ற சின்ன நூலை வெளியிட்டார். கோயமுத்தூரில் படித்த காலத்தை அதில் சொல்கிறார். மற்ற மாணவர்களோடு பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துவிடும், தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து, வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். லண்டன் வரை போய் வந்தவர் அந்த மணிச் சத்தத்தை மறக்காமல் எழுதி வைத்தார். இன்றைக்கும் "உங்கப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால் "பிசினஸ்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுகிற நண்பர்கள் ஹாஸ்டல்களில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அவர்களில் ஒருவர் இந்தப் பக்கத்தைப் படித்தால், நான் மட்டும் இப்படி இல்லை என்று மூச்சு விடுவார். அச்சில் ஒரு வாழ்க்கை வருவதற்கு இதைவிட என்ன பிரயோஜனம் வேண்டும்?

மூன்றாவது ஆட்சேபணை, "நமக்கு நல்ல தமிழ் வராதே!"

பாமாவின் "கருக்கு" 1992-இல் வந்தது. பனைமட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி அறுக்குமே, அதுதான் கருக்கு. தன் கிராமத்தில் பேசுகிற பேச்சிலேயே அவர் அதை எழுதினார். இது என்ன தமிழ் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பிறகு அது ஆங்கிலத்துக்குப் போனது, கல்லூரிகளில் பாடமானது. அதனால் தமிழ் மேல் பழி போடாதீர்கள். அம்மாவிடம் பேசுகிற தமிழ் போதும்.

சரி, எழுதுவதற்குத் தடை இல்லை. வெளியிடுவதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

என் கதை என்று சொல்கிறேனே, அதில் நான் மட்டுமா இருக்கிறேன்? அப்பா, அம்மா, தங்கை, சித்தப்பா எல்லோரும் இருக்கிறார்கள். "கருக்கு" வந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டதையும், பல மாதம் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததையும், பிறகு அவர்களே புரிந்து ஏற்றுக்கொண்டதையும் பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உண்மை எழுதினால் அடி முதலில் வீட்டுப் பக்கம் இருந்துதான் வரும்.

இந்தக் கட்டுரை எழுதும் முன் என் நோட்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தறி வேலை பற்றிய இடத்தில் சிரித்தார். ஓரிடத்தில், "அந்தச் சங்கதிய மட்டும் போட்டராத கண்ணு. நாளைக்கு உன் தங்கச்சிக்கு ஒரு எடம் பாக்கோணும்ல" என்றார். அது என்ன சங்கதி என்று இந்தப் பக்கத்தில் தேடாதீர்கள், இருக்காது. நோட்டில் இருக்கிறது. இரண்டும் சரி என்றே நினைக்கிறேன். எழுதுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன், அதில் வருகிறவர்களுக்கு ஒரு தடவை படித்துக் காட்ட வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களின் மானத்தை விற்று நாம் எழுத்தாளர் ஆக வேண்டாம். அதே சமயம் "மானம்" என்று சொல்லி, வேலை வாங்கியவன் செய்த அநியாயத்தையும் சேர்த்து மூடி வைக்கவும் வேண்டாம். எது வீட்டு ரகசியம், எது ஊர் தெரிய வேண்டிய உண்மை என்று பிரித்துப் பார்க்கிற பொறுப்பு எழுதுகிறவனுக்கு உண்டு.

இனி, டிப்ளமோக்காரன் பாஷையில் ஒரு எஸ்டிமேட். வாரம் இரண்டு பக்கம் எழுதுவோம். ஒரு செமஸ்டருக்கு 16 வாரம் என்று வைத்தால் 32 பக்கம். ஆறு செமஸ்டருக்கு 192 பக்கம். அச்சகத்தில் ஒரு பாரம் என்பது 16 பக்கம், ஆக 12 பாரம். கையெழுத்து அச்சில் குறையும், அடித்தல் திருத்தல் போகும். பாதி மிஞ்சினாலும் நல்ல புத்தகம்தான். ரெக்கார்டு நோட்டு எழுதுகிற கைக்கு இது பெரிய பாரமா என்ன?

முன்பெல்லாம் அச்சு என்றால் ஆயிரம் பிரதி போட்டுக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைக்க வேண்டும். இன்று இருபது, முப்பது பிரதி மட்டும் போட்டுத் தருகிறார்கள். செல்போனிலேயே தமிழில் டைப் செய்துவிடலாம். 1957-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடனே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் அரசு இலவசமாகவே கொடுக்கிறது. "பேக்கேஜ்" என்று பேசி அதற்குத் தனியாகப் பணம் கேட்பவர்களிடம் உஷார்! 1954-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று, வெளியிடுகிற புத்தகத்தின் பிரதியைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்பச் சொல்கிறது. அதில் ஒன்று சென்னை கன்னிமாரா நூலகம். இதுவரை என் அம்மா பேர் அச்சில் வந்தது ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும்தான். கன்னிமாராவில் ஒரு புத்தகத்துக்குள் அந்தப் பேர் இருந்தால் எப்படி இருக்கும்!

கடைசியாக, நம் மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. அடுத்த வருஷ மலரில் அரை பாரம், அதாவது எட்டே எட்டுப் பக்கம், இதற்காக ஒதுக்குங்கள். துறைக்கு ஒருவர், ஆளுக்கு ஒன்றரைப் பக்கம், தன் வீட்டில் ஒருவருடைய வேலையைப் பற்றி எழுதட்டும். பேர் போட விருப்பமில்லாதவர் போட வேண்டாம். வாழ்த்துச் செய்தி இரண்டைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும். தலைவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்!

நம் வீட்டில் முன்னாடி யாரும் எழுதவில்லை என்பது நம்மோடு முடியட்டும். இந்த வாரம் இரண்டு பக்கம். ஆரம்பிங்க நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் துறை