கோட்டு போட்டால்தான் கப்பலில் சோறா?

பதிவு கொஞ்சம் நீளம். என் வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்வீர்கள்.

வரும் டிசம்பரில் எங்கள் குடும்பத்தில் பதினாறு பேர் சிங்கப்பூரில் கப்பலேறி ஐந்து நாள் சுற்றப் போகிறோம். ஏற்பாடு எல்லாம் என் தம்பி மகன். செலவிலும் பாதி அவனுடையது. தங்கமான பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டான். பாஸ்போர்ட், மாத்திரை, குளிருக்கு ஸ்வெட்டர் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போய்க் கடைசியில் இப்படி: "இரண்டாம் நாள் ராத்திரி ஃபார்மல் நைட். ஜென்ட்ஸ் கோட், டை, ஷூ. லேடீஸ் கவுன். வேட்டி சேலை வேண்டாம் ப்ளீஸ்."

அரை மணி நேரத்தில் பதினொரு கட்டைவிரல்கள் விழுந்தன. நேரு வீதியில் கோட் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவர் விசாரிக்கிறார். தைக்கக் கொடுத்தால் எட்டாயிரம் ஆகுமாம் என்று இன்னொருவர் கணக்குப் பார்க்கிறார். அந்தக் கடைசி வாக்கியத்துக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

கப்பல் பயணம் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய சுற்றுலாக் கப்பல்களில் ஒன்றிரண்டு இரவுகளைத் தனியாக ஒதுக்கி, அன்று எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்கு வரச் சொல்வார்கள். மாடிப்படியில் புகைப்படக்காரர் நிற்பார். எடுத்த படத்தை மறுநாள் காசுக்கு விற்பார்கள், அதுவும் ஒரு வியாபாரம்தான். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களின் முதல் வகுப்பில் தினமும் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். ஏறிய நாளும் இறங்குவதற்கு முந்தின நாளும் மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் பெட்டி கட்டியிருக்கும். இப்போது அதெல்லாம் தளர்ந்து ஓரிரு இரவுகளில் வந்து நிற்கிறது. விருப்பமில்லாதவர்கள் மேல்தளத்து பஃபேயில் சாப்பிட்டுக்கொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த பஃபேதான் எனக்கு நெஞ்சில் முள்.

இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு பயணம் போனார்கள். நான் போகவில்லை, என் அண்ணி போனார்கள். வயது 72. அறுபதாம் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டை அந்த இரவுக்கென்றே மடித்து எடுத்துப் போயிருந்தார்கள். கட்டிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தபோது பிள்ளைகள் சொன்னது: "அம்மா, அங்க எல்லாரும் கவுன்ல வருவாங்க. நீ மேல பஃபேல சாப்பிட்டுக்கோயேன்." அண்ணி பட்டை அவிழ்த்துவிட்டு நைலக்ஸ் சேலைக்கு மாறி, மேலே போய்த் தனியாக ரொட்டியும் பழமும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஊருக்கு வந்த பிறகு நான் கேட்டேன். "எனக்கென்னம்மா, அன்னிக்குப் பசியே இல்ல" என்றார்கள்.

கப்பல்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் யாரும் தடுக்கவில்லை. அண்ணியைத் திருப்பி அனுப்பியது நாம்தான். அவர்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

சரி, விதிதான் என்ன? உடை விஷயத்தில் ரொம்பக் கறார் என்று பெயரெடுத்தது குனார்ட் கம்பெனி. குயீன் மேரி 2 அவர்களுடைய கப்பல்தான். அவர்களுடைய காலா இரவுகளுக்கே கறுப்புக் கோட்டு, டையோடு அவரவர் பாரம்பரிய விழா உடையும் ஏற்பு என்றுதான் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரியான கில்ட்டில் வரலாம். முழங்கால் தெரிகிற கில்ட் ஃபார்மலாம், கணுக்கால் வரை இறங்குகிற எட்டு முழப் பட்டுவேட்டி ஃபார்மல் இல்லையாம்! இந்தக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதைவிடக் கண்டிப்பான விருந்து ஒன்று உண்டு. ஸ்டாக்ஹோமில் நோபல் பரிசு நாள். ஆண்களுக்கு வால் வைத்த கோட்டும் வெள்ளை போ டையும், இல்லையென்றால் அவரவர் தேசிய உடை. 2019 டிசம்பர் 10 அன்று பொருளாதாரப் பரிசை ஸ்வீடன் மன்னர் கையால் வாங்கிய அபிஜித் பானர்ஜி வேட்டியும் மூடிய கழுத்துக் கோட்டும் அணிந்திருந்தார். அவருடன் பரிசு வாங்கிய அவர் மனைவி எஸ்தர் டுஃப்ளோ சேலையில் வந்தார். அந்த அம்மா பாரிஸில் பிறந்த பிரெஞ்சுக்காரர்! பாரிஸ்காரி சேலை கட்டிக்கொண்டு மன்னர் முன்னால் நிற்கிறாள். புதுச்சேரிக்காரி சிங்கப்பூர்க் கப்பலில் சேலை கட்ட வெட்கப்பட வேண்டுமா?

"அத்தை, இதெல்லாம் எங்கோ நடப்பது" என்பான் தம்பி மகன். பக்கத்திலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. விழாவுக்கு வந்த உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்பதற்காக உள்ளே விடவில்லை. பதவியில் இருந்த நீதிபதி அவர். சட்டமன்றமே கொதித்தது. அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், கிளப்பின் உரிமமும் போகலாம். அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்குத்தான், நம் யூனியன் பிரதேசத்தில் செல்லாது. நடுக்கடலில் செல்லுமா என்ற கேள்வியை என் மாணவர்களில் வக்கீலானவர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் சொந்தத் தம்பி மகன் வாட்ஸ்அப்பில் தடுத்தால் எந்தச் சட்டத்தில் போய் நிற்பது?

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனி வரலாறே இருக்கிறது. துய்ப்ளேக்சின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை கவர்னர் மாளிகைக்குள் செருப்போடு போகலாம் என்பது அவருக்குத் தனியாகக் கொடுத்த மரியாதை. மற்றவர்கள் வெறுங்காலோடுதான். நூறு வருடம் கழிந்தும் அது முழுக்க மாறவில்லை. 1873-இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை நம் உடையோடு ஐரோப்பியக் காலணியும் போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். தண்டித்தார்கள். மனிதர் விடவில்லை, பாரிஸில் இருந்த உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் வென்றார். எண்ணிப் பாருங்கள், ஒரு ஜோடி ஷூவுக்காகப் பாரிஸ் வரை!

கவனியுங்கள், அவர் வெள்ளைக்காரன் உடையை வெறுத்தவர் அல்லர். பின்னால் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயராக 'லா போர்த்' என்று வைத்துக்கொண்டவர். அவர் கேட்டதெல்லாம், என் காலில் என்ன போடுவது என்பதை நான் முடிவு செய்கிறேன் என்பதுதான். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்குக் கோட்டு மேல் கோபம் கிடையாது. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு நம் சொல்தாக்கள் கோட்டும் மெடலுமாக வரும்போது நானும் நின்று பார்ப்பேன். அவர்களுக்கு அது அழகு, உழைத்து வாங்கிய உடை. என் நாத்தனார் மகள் மெரூன் கலரில் கவுன் எடுத்துவிட்டாள். அவள் உயரத்துக்கு நன்றாக இருக்கும், தாராளமாகப் போடட்டும். என் சண்டை 'வேண்டாம் ப்ளீஸ்' என்ற இரண்டு வார்த்தைகளோடு.

"ஒரு ராத்திரி ஜாலிக்குத்தானே அத்தை" என்கிறான். ஜாலி எல்லோருக்கும் என்றால் அண்ணிக்கும் இருக்க வேண்டும். இந்தக் கோட்டு மயக்கம் கப்பலில் தொடங்கியதும் அல்ல. மே மாதக் கத்திரி வெயிலில் மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, மேடையில் இரண்டு மின்விசிறி வைத்து வியர்வை துடைக்கிறோமே, அங்கே தொடங்கியது. முகூர்த்தத்துக்கு வேட்டி, ரிசப்ஷனுக்குக் கோட்டு. தாலி கட்டுவதற்குப் போதுமான மரியாதை உள்ள உடை, ஐஸ்கிரீம் சாப்பிடப் போதாதாம்.

முப்பத்து நான்கு வருடம் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் உங்கள் முன்னால் நின்றிருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வந்த நாளிலும் அதே சேலைதான். அதற்குப் பெயர் ஃபார்மல் இல்லையென்றால் எனக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். வரப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் அறைக்கு இஸ்திரிப் பெட்டி கொண்டுபோகக் கூடாது, தீப்பிடிக்கும் என்று பிடுங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே கசங்காத மென்பட்டு நல்லது. கனத்த காஞ்சிபுரம் வேண்டாம், பெட்டி எடையும் மிச்சம். மடிப்பு எடுத்துப் பின் குத்தி உருட்டி வைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். கூடத்தில் ஏசி எலும்பைத் துளைக்கும், முழுக்கை ரவிக்கையோ சால்வையோ இருக்கட்டும். ஆண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி, உள்ளே பெல்ட். கப்பல் ஆடினாலும் வேட்டி ஆடாது. சட்டை வெள்ளை முழுக்கை, மேலே அங்கவஸ்திரம். ரப்பர் செருப்பு மட்டும் கூடாது, நல்ல தோல் செருப்பு. அழுக்கும் அசட்டையும் எந்த உடையிலும் மரியாதை இல்லை. அதில் நான் அவர்களைவிடக் கறார்.

தம்பி மகனுக்கு: கப்பல் கம்பெனிக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டு, பட்டுச் சேலையும் வேட்டியும் அன்று இரவு சரிதானே என்று கேட்டு, பதிலைக் குழுவில் போடு. பிறகு அந்தப் பட்டியலைத் திருத்து. சாப்பாட்டு மேசை பதிவு செய்யும்போது பதினாறு பேருக்கும் ஒரே வரிசையாகக் கேள். அண்ணிக்கு என் பக்கத்து நாற்காலி. அரக்குப் பட்டுக்கு ஃபால்ஸ் பிரிந்திருக்கிறது, நேற்றுத்தான் தைக்கக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்துவிடும்.