வேலைத்தாளை எழுதுவது யார்?

ஒரு தொழிலைச் செய்யாத ஒருவர் அத்தொழிலின் முறையை எழுதிவைத்து, அதைச் செய்பவரிடம் ‘இவ்வாறே செய்க’ என்று ஆணையிடுவதை நேர்மையென்று நம்மில் எவரும் ஒப்புக்கொள்ளமாட்டோம். ஆயின் நமது வாவிக்கரைக் கிராமங்களிலிருந்து விடியுமுன் பேருந்தேறும் பெண்கள் நாள்முழுவதும் அத்தகைய ஆணையின் கீழேயே அமர்ந்திருக்கின்றனர்.

ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் பொறிக்கு மேலே ஒரு தாள் தொங்கும். வேலையின் படிகள், அவற்றின் ஒழுங்கு, ஒவ்வொன்றுக்குமுரிய நேரம், மணிக்கு முடிக்கவேண்டிய எண்ணிக்கை ஆகியன அதில் அடங்கும். தரப்படுத்தப்பட்ட வேலைமுறை என்று முகாமையாளர் கூறுவது இதனையே. என் தமக்கை அத்தகைய ஒரு தொழிற்சாலையில் காற்சட்டைப் பை பொருத்துகிறார். அவருடைய தலைக்கு மேலே தொங்கும் தாள் ஆங்கிலத்தில் உள்ளது. காலைப்பொழுதில், வரிசையிலேயே வேகமிக்க பெண்ணை அளந்து எழுதிய நேரம் அது. பிற்பகலின் களைப்பை அத்தாள் அறியாது. துண்டுக் கட்டினைச் சற்றுச் சாய்த்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு பைக்கும் ஓர் அசைவு மிச்சமாகும் என்பதைத் தமக்கை தாமே கண்டறிந்தார். அதை ஏன் மேற்பார்வையாளரிடம் கூறவில்லை என்று வினவினேன். “சொன்னா டார்கெட்டைக் கூட்டுவாங்க தம்பி, சம்பளத்தைக் கூட்டமாட்டாங்க” என்றார்.

இவ்விடையை விடச் சிறந்த பொருளியற் பாடத்தை நான் விரிவுரை மண்டபத்திற் கேட்டதில்லை. திறனைப் பெருக்கவென வந்த தாள், திறனை ஒளித்துவைக்கக் கற்பித்திருக்கிறது.

இது புதிய செய்தியன்று. அமெரிக்கரான பிரெடரிக் ரெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், பெத்லகேம் உருக்காலையில் நாளொன்றுக்கு 12½ தொன் இரும்பு சுமந்தவனை 47 தொன் சுமக்கச் செய்ததாகவும், அவன் கூலியை 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்த்தியதாகவும் பெருமையுடன் எழுதினார். சுமை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலியோ இரு மடங்கைத்தானும் எட்டவில்லை. வேகம் கூடினால் கூலிவீதம் வெட்டப்படும் என்ற அச்சத்தினாலேயே தொழிலாளர் தம் திறனை மறைக்கின்றனர் என்பதை அவரும் அறிந்திருந்தார். எனினும் அவர் கண்ட தீர்வு, சிந்திக்கும் வேலையைத் தொழிலாளியிடமிருந்து பிரித்து அலுவலக மேசைக்குக் கொண்டுசெல்வதே.

இவற்றையெல்லாம் படித்த நம் கலைப்பீட நண்பர் சிலர், வேலைத்தாள் என்பதே அடிமைச் சாசனம், அதைக் கிழித்தெறிக என்று முழங்குகின்றனர். அவர்களோடு நான் முரண்படுகிறேன். தாளைக் கிழித்தால் புதிதாக வேலைக்கு வரும் பதினெட்டு வயதுப் பெண் எதைப் பார்த்துக் கற்பாள்? மேற்பார்வையாளரின் மனநிலையையா? ஊசி விரலில் ஏறினால், முறை தவறியது எவரிடம் என்பதற்குச் சான்று எது? எழுதப்படாத சட்டம் எப்பொழுதும் வலியவனுக்கே வாய்ப்பாகும். வேண்டுவது தாளை அழிப்பதன்று, எழுதுகோலைக் கைமாற்றுவதாகும்.

அது இயலாததன்று. யப்பானின் ரொயோட்டா நிறுவனத்தில் உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ, வேலைத்தாளை வேலைத்தளத்தில் நிற்பவர்களே எழுதவேண்டும், மேலிருந்து திணித்தலாகாது என்று 1978இல் வெளிவந்த தம் நூலில் வற்புறுத்தினார். அதற்காக அங்கே சொர்க்கம் இருந்ததென்று எவரும் கருதவேண்டியதில்லை. அதே ஆலையில் பருவகாலத் தொழிலாளியாக நின்று, இடையறாது ஓடும் பட்டியின் கொடுமையைச் சத்தோசி கமத்தா 1973இலேயே நூலாக எழுதிவிட்டார். எனவே எழுதும் உரிமை மட்டும் போதாது; மிச்சப்படும் நேரத்தின் பயனிலும் பங்கு வேண்டும்.

யப்பான்வரை செல்லவும் தேவையில்லை. உன்னிச்சைக் குளத்துக்குக் கீழே வேளாண்மை செய்வோர், ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் கூடுகின்றனர். விதைப்பு எந்நாள் முடியவேண்டும், நீர் எந்நாள் திறக்கவேண்டும் என்பன அதிகாரிகளும் விவசாயிகளும் இருந்து பேசி முடிவாகின்றன. அம்முடிவு அனைவரையும் கட்டுப்படுத்தும். அடுத்த போகத்தில் மாறவும் கூடும். இதுவும் தரப்படுத்தப்பட்ட வேலைமுறையே. வயலில் நமக்குள்ள குரல் தையல் பொறியின் முன் ஏன் அடங்கவேண்டும்?

எழுதாமல் விடுவதன் இழப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நமது வந்தாறுமூலை வளாகத்துக்கு வடக்கே, 1950களின் நடுவில் எழுந்த வாழைச்சேனைக் காகித ஆலை, நம் வயல்களின் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தது. மழையில் நனைந்த வைக்கோலுக்கும் வெயிலிற் காய்ந்த வைக்கோலுக்கும் வேக்காடு ஒன்றாகாது. அவ்வேறுபாட்டைக் கையால் தொட்டறிந்தவர்களுட் பலர் இன்றில்லை, எஞ்சியோர் முதுமையடைந்துவிட்டனர். ஆலையை மீளத் திறப்பது பற்றி அரசியல்வாதிகள் பலமுறை பேசியுள்ளனர். பொறியைப் பணங்கொடுத்து வாங்கலாம். கைப்பழக்கத்தை எந்தச் சந்தையில் வாங்குவது?

எனவே என் கோரிக்கைகள் நான்கு. வேலைத்தாளை அவ்வேலையைச் செய்பவரும் இருந்தே எழுதவேண்டும். அவர் வாசிக்கும் மொழியில் அது அமையவேண்டும். திருத்தம் கண்டவரின் பெயரும் திருத்திய நாளும் அதிற் பொறிக்கப்படவேண்டும். திருத்தத்தால் மிச்சமாகும் நேரத்தின் ஒரு பங்கு, கூலியாகவோ ஓய்வாகவோ, அவர்களையே சேரவேண்டும். அவ்வுடன்பாடின்றி இலக்கை உயர்த்தலாகாது.

இரண்டாவது கோரிக்கை நம்மையே சுடுகிறது. அரசியலமைப்பின் 13ஆந் திருத்தம் 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதனைக் கொண்டாடும் நாம், தையல் பொறியின் மேல் தொங்கும் தாளை இன்னும் அண்ணாந்து பார்க்கவில்லை. கலைச்சொல்லாக்கம் பற்றி ஆண்டுதோறும் கருத்தரங்கு கூட்டுகிறோம்; தொழிலாளர் வாயில் நாள்தோறும் வழங்கும் சொற்களைத் தொகுத்தோமில்லை. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள ஒரு தொழிலாளியிடம் அமர்ந்து, அவர் வேலையின் படிகளை அவர் சொல்லிலேயே எழுதிவரட்டும். அவர் மறைக்க விரும்பும் நுட்பத்தை மறைக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதை மறவாதிருப்போம். அந்த அச்சம் நீங்கும் நாளில் அதனையும் அவரே எழுதுவார்.

அதுவரை என் தமக்கை துண்டுக் கட்டினைச் சாய்த்து வைக்கும் விதத்தை எந்த முகாமையாளரும் அறியப்போவதில்லை. நானும் சொல்லமாட்டேன்.