புகையை அளக்கிறோம், ஸ்ரியரிங்கை யார் பார்ப்பது?

வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டு செல்கிறோம். இலங்கையில் 2008இல் ஆரம்பமான இந்த ஏற்பாட்டை நான் குறை கூறவில்லை. ஆனால் அங்கே கணக்கில் எடுக்கப்படுவது புகை மட்டுமே. முன்சில்லைத் திருப்பும் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. பஸ்ஸிடமும் லொறியிடமும் தகுதிச் சான்றிதழ் கோரும் அரசு, தனியார் காரை அதன் உரிமையாளரின் மனச்சாட்சியிடம் விட்டுவிட்டது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022இல், டொலரின் பெறுமதி 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. ஆகவே பழைய காரைப் பழுதுபார்த்து ஓடுவதைத் தவிர எம்மில் பலருக்கு வேறு வழியிருக்கவில்லை. என்னிடம் இருப்பதும் 2004ஆம் ஆண்டுத் தயாரிப்பான ரொயோட்டா கொரொல்லா 121தான். உதிரிப்பாகம் தேடிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகாதவர் எம்மிடையே யார்?

அங்கே முதலில் எழும் கேள்வி, "ஒறிஜினலா, ஜப்பானா, தாய்வானா, சீனாவா, றீகண்டிஷனா?" என்பதாகும். றீகண்டிஷன் பொருளை நான் முற்றாக ஒதுக்குபவனல்லன். கதவு, கண்ணாடி, விளக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் போல் ஜொயின்ற், ரை றொட் எண்ட், ராக் எண்ட் ஆகியவை உராய்ந்து தேயும் மூட்டுகள். பிறர் தேய்த்து முடித்ததை நாம் காசு கொடுத்து வாங்குவதில் என்ன நியாயம்? ஷொக் அப்சோபரும் அப்படியே. அதன் எண்ணெய்க்கும் சீலுக்கும் ஆயுள் உண்டு. வாகன நிறுவனத்தின் பொருளுக்குப் பணம் போதாதவர்கள் ஜப்பானின் 555, கொரியாவின் சிரிஆர் போன்ற தனித் தயாரிப்பாளர்களின் மூட்டுகளை வாங்கலாம். பெயர் பெற்ற பொருளுக்குத்தான் போலியும் அதிகம் என்பதால், பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குங்கள். காரின் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் இலக்கத்தைக் கொடுங்கள். ஒரே பெயருள்ள கார்களுக்குள்ளும் பாகங்கள் வேறுபடும்.

இவ்வளவும் பாதி வேலைதான். எனது அனுபவத்தில், நல்ல பொருளைக் கெடுப்பது பெரும்பாலும் பொருத்தும் விதமே. சில்லைத் தாங்கும் லோவர் ஆர்மில் உள்ள புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். அது உள்ளும் புறமும் இரும்புக் குழாயோடு ஒட்டிய இறப்பர். சுழல்வதில்லை, முறுகித் திரும்பும். காரை உயர்த்திச் சில்லு தொங்கும் நிலையிலேயே அதன் ஆணியை இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் இறப்பர் நிரந்தரமாக முறுகிய நிலையிலேயே நிற்கும், விரைவில் கிழிந்துவிடும். காரின் பாரம் சில்லில் இறங்கிய பின்னரே இறுதி இறுக்கம் செய்ய வேண்டும். புறநகர்க் கராஜ் ஒன்றில் இதை நான் சொன்னபோது, "ஐயா பேப்பரில எழுதுற ஆள், இது எங்கட வேலை" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் காரை இறக்கி இறுக்கும் வரை அவ்விடத்தைவிட்டு நகரவில்லை.

மூட்டின் நட்டைப் பூட்டும் கொட்டர் பின்னும் அவ்வாறானதே. பழைய பின்னை நிமிர்த்தி மீண்டும் போடக்கூடாது. துளை நேராக வராவிட்டால் நட்டைச் சிறிது மேலும் இறுக்க வேண்டுமே தவிர, தளர்த்தக்கூடாது.

மேடு பள்ளத்தில் அடிப்பாகம் தட்டுகிறதென்று ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் வைத்துக் காரை உயர்த்தும் வழக்கம் எமது நாட்டில் வேரூன்றிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உயரம் கூடக்கூட லோவர் ஆர்மும் ரை றொட்டும் கீழ்நோக்கிச் சரிகின்றன, மூட்டுகள் தமக்குரிய கோணத்தை விட்டு விலகுகின்றன, சில்லின் கோணங்களும் மாறுகின்றன. வைத்தே ஆகவேண்டுமெனில் அதன் பின்னர் அலைன்மென்ற் பார்க்காமல் வீதிக்கு இறங்காதீர்கள்.

அலைன்மென்ற் எப்போதும் கடைசி வேலை. ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்வது வீண்செலவு. இரண்டு ரை றொட்டையும் சமமாகத் திருப்பாமல் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால், சில்லு நேராகும், ஸ்ரியரிங் வளையம் கோணலாக நிற்கும். கணினித் தாளை, முன்னைய அளவும் பின்னைய அளவும் இருக்கக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேளுங்கள். தர மறுக்கும் கராஜுக்கு நான் மறுமுறை போவதில்லை.

அரசிடம் நான் கேட்பது பெரிதல்ல. பத்து வருடங்களைக் கடந்த கார் புகைப் பரிசோதனைக்கு வரும்போது முன்பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஒருமுறை, இடமும் வலமும் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்க்கட்டும். மேல்கீழாக ஆடினால் போல் ஜொயின்ற் அல்லது பெயாரிங். இடவலமாக மட்டும் ஆடினால் பெரும்பாலும் ரை றொட் அல்லது ராக். சில நிமிட வேலை. அதற்கும் ஒரு கட்டணம் அறவிடட்டும். நான் முணுமுணுக்காமல் செலுத்துவேன்.