சுடரைப் பிள்ளைகளிடமே கொடுங்கள்

டிசம்பர் வந்தால் இங்கிலாந்தின் பல தொடக்கப் பள்ளிகளிலும் சிறுவர் மன்றங்களிலும் ஆரஞ்சுப் பழங்கள் வந்து இறங்கும். தின்பதற்கு அல்ல, வழிபாட்டில் பிள்ளைகள் கையில் ஏந்தி நடக்கும் ‘கிறிஸ்டிங்கிள்’ செய்வதற்கு. பழத்தைச் சுற்றிச் சிவப்பு நாடா, நான்கு குச்சிகளில் உலர்திராட்சையும் மிட்டாயும், உச்சியில் ஒரு மெழுகுவர்த்தி. பழம் உலகம், நாடா கிறிஸ்து சிந்திய இரத்தம், குச்சிகள் நான்கு பருவங்கள், சுடர் கிறிஸ்து. 1747இல் ஜெர்மனியின் மரியன்போர்னில், மொராவியத் திருச்சபையின் யோஹன்னஸ் டி வாட்டெவில் சிறுவர்களுக்குச் சிவப்பு நாடா சுற்றிய மெழுகுவர்த்தி கொடுத்ததில் பிறந்த வழக்கம் இது. 1968இல் ‘சில்ட்ரன்ஸ் சொசைட்டி’ தொண்டு நிறுவனத்துக்காக ஜான் பென்சம் இதை இங்கிலாந்துத் திருச்சபைக்குள் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இந்த வழிபாட்டில் சேரும் காணிக்கை ஆதரவு தேடும் குழந்தைகளுக்குப் போகிறது. இப்போதோ, தலைமுடியில் தீப்பற்றிவிடும் என்று அஞ்சிச் சில இடங்களில் மெழுகுவர்த்திக்குப் பதில் ஒளிரும் பிளாஸ்டிக் குச்சியைச் செருகுகிறார்கள். அச்சம் நியாயம்தான், தீர்வுதான் சோம்பேறித்தனம். கூந்தலைப் பின்னிக் கட்டலாம், வரிசைக்கு ஒரு பெரியவரை நிறுத்தலாம், பக்கத்தில் வாளித் தண்ணீர் வைக்கலாம். சுடர் அணையாமலும், முன்னால் போகிறவர்மேல் படாமலும் மெல்ல நடக்கும் பிள்ளை, தன் கவனம் இன்னொருவருக்குப் பாதுகாப்பு என்று கற்றுக்கொள்கிறது. பிளாஸ்டிக் குச்சி அதைக் கற்றுத் தராது. மழலையர் வகுப்புக்கு வேண்டுமானால் அந்தக் குச்சியே இருக்கட்டும். பத்து வயதுப் பிள்ளையை நம்பி நெருப்பைக் கொடுக்காத பள்ளி, பொறுப்பை எப்போது கொடுக்கப்போகிறது?