அச்சாறு கறியாகுமா?



கல்யாண வீட்டுச் சஹனில் புரியாணியோடு அச்சாறு இல்லாவிட்டால் நம்மவர்களுக்குச் சாப்பிட்ட திருப்தி வராது. சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், பேரீச்சம்பழம் ஆகியவற்றை அரைத்த கடுகு, இஞ்சி, வெள்ளைப்பூடு, சீனி, உப்புடன் வினாகிரியில் ஊறவைத்தால் மலே அச்சாறு தயார். அதன் புளிப்பும் உறைப்பும் நெய்யின் திகட்டலை நீக்கும். பொரித்த மீனுக்கும் பொருந்தும். அடியில் மிஞ்சும் சாற்றை வெள்ளரிக்காய்ச் சலாதுவில் ஊற்றலாம்; வேறு உப்புத் தேவைப்படாது.

அச்சாறு பசியைத் தூண்டும். காய்களிலுள்ள நாரும் சிறிது கிடைக்கும். ஆனால் உடலை வளர்க்கும் புரதம் அதில் இல்லையென்றே சொல்லலாம். உப்போ அதிகம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைந்த இந்த அளவில் சோறு, கறி, கருவாடு எல்லாவற்றின் உப்பும் அடங்கும். பிரஷர் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சீனி வியாதிக்காரர்கள் பேரீச்சம்பழத்தையும் சீனியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் மீனைப் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றை அச்சாறோடு பிசைந்து சாப்பிட்டு எழும்பும் தாய் உங்கள் வீட்டிலும் இருக்கிறாரா? அந்தத் தாய் நீங்கள்தானா?

வீட்டில் வினாகிரியைத் தவிர வேறொன்றும் இல்லை என்றபோது, நபி (ஸல்) அவர்கள் அதையே வரவழைத்துத் தொட்டுச் சாப்பிட்டு, நல்ல குழம்பென்று புகழ்ந்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உண்டு. இல்லாத வேளையில் இருப்பதைப் பொருந்திக்கொள்வது பெருங்குணம். சட்டியில் மீன் இருக்க, சமைத்தவளுக்கு மட்டும் அச்சாறு என்பது அந்தக் குணத்தில் சேராது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் புரதம் மற்றப் பெண்களைவிடக் கூடுதலாகத் தேவை; கர்ப்பிணிக்கு இரும்புச்சத்தும் கூடுதலாகத் தேவை. அச்சாறு அதைத் தராது.

ஆகவே அச்சாறை அலுமினியப் பாத்திரத்தில் வைக்காதீர்கள். புளிப்பு அதை அரிக்கும். கண்ணாடிப் போத்தலில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். தேக்கரண்டி அளவில் தொட்டுக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போதே உங்கள் மீன் துண்டையும் எடுத்து வையுங்கள். கணவன்மாரே, இப்பக்கம் உங்கள் கண்ணில் பட்டால், சாப்பிட அமருமுன் அந்தத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள்.