காம்பராவின் வாரிசுகள்

இலங்கையில் விற்பனைக்கென்று முதலில் தேயிலை பயிரிட்ட இடம் எது என்று கேட்டால் துல்லியமான விடை உண்டு. லூல்கந்துர தோட்டம், 7ஆம் இலக்க மலை, 19 ஏக்கர், 1867. பயிரிட்டவர் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் என்று பள்ளிப் புத்தகமே சொல்லும். 19 ஏக்கருக்கும் அவர் ஒற்றை ஆளாகக் குழி வெட்டியிருக்க முடியாது. 1892இல் அவர் இறந்தபோது தோட்டத்து ஆட்கள் உடலைத் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு கண்டிக்கு நடந்தார்கள். மஹயாவ மயானத்தில் அவருக்குக் கல் இருக்கிறது. தூக்கியவர்கள் பெயர் நமக்குத் தெரியாது.

அதற்கு முந்திய காப்பிக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் எத்தனை பேர் போனார்கள்? 1840களில் மட்டும் எழுபதாயிரம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்குச் சொன்னது. அது மிகை என்னும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. காப்பி மூட்டைக்குச் சரியான கணக்கு இருக்கிறது. பிணக் கணக்குத்தான் இன்றைக்கும் வழக்கில் கிடக்கிறது.

அந்தப் பாதையில் 2023இல் அவர்கள் வழிவந்த மலையக மக்கள் மறுபடி நடந்தார்கள். தோட்டங்களுக்கு வந்த கதைக்கு 1823ஐத் தொடக்கமாக வைத்து இருநூறு ஆண்டு நிறைவு. ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளை சேர்ந்தார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்று நடைக்குப் பெயர். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று சிங்களத்திலும் தமிழிலும் ஏச்சு வாங்கியவர்களின் பிள்ளைகள், ஆட்சியாளர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளும் அடைமொழியை எடுத்துத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். வழியில் சிங்கள ஊர்க்காரர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். கைகளில் ஒரு கோரிக்கைப் பட்டியலும் இருந்தது: எங்கள் வரலாற்றை ஏற்றுக்கொள், காணி கொடு, வீடு கொடு, உழைப்புக்குத் தகுந்த கூலி கொடு. காலனியத்தின் புண் ஆறுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அந்தப் பட்டியலை விட நல்ல விளக்கம் எங்களிடம் இல்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. காலனியத்தின் காயம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது என்று இப்போது கருத்தரங்குகளில் நிறையப் பேசுகிறார்கள். ரத்தத்தில் இறங்குமா, மரபணுவில் இறங்குமா என்பது விஞ்ஞானிகள் பாடு. மலையகத்தில் அது எதன் வழியாக இறங்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லயத்துக் காம்பரா, அதாவது வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த ஒற்றை அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு வாசல் திண்ணை, அதில் ஒதுக்கி ஓர் அடுப்பு, புகை போக வழியில்லாமல் கறுத்த தகரம். அதில் பிறந்தவள் அதிலேயே கல்யாணம் கட்டி, நடுவில் சேலையைத் திரையாகத் தொங்கவிட்டுக் குடித்தனம் நடத்தி, மகளுக்கும் அதையே விட்டுப் போகிறாள். காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்கு ஆள் தராத குடும்பத்துக்கு அதில் இருக்க உரிமை கிடையாது என்பதுதான் பழைய ஏற்பாடு. தனி முகவரியும் இல்லாததால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கே யார் கையிலாவது நின்று, பிறகு மலை ஏறும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி கடந்து கைக்கு வந்த கதை மலையகத்தில் யாரைக் கேட்டாலும் கிடைக்கும். இப்படிப்பட்ட இடத்தில் மனநல ஆலோசகரைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுக் காணி உறுதியைப் பற்றிப் பேசாமல் வருவது எங்களுக்கு உவப்பாக இல்லை.

வெள்ளைக்காரன் செய்தான் என்று சொல்லி முடித்துக்கொள்ளவும் முடியாது. ஊருக்கு வந்து ஆள் கட்டிப் போன கங்காணி தமிழன். அவனுக்குத் தலைக்காசு, போனவர்களுக்குக் கப்பலேறும் முன்னே கடன். அந்தக் கடனை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டோடு ஆட்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றினார்கள். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழிக்க முடிந்தது. பெரிய கங்காணிகளில் பலர் நிலமுள்ள சாதியினர். ஏறிப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களைச் சேரியிலிருந்து கிளப்பியதில் நம் ஊர் மிராசுகளுக்கும் பங்கு உண்டு. விடிவதற்கு முன் பெரட்டு என்னும் வேலைக் கூட்டத்துக்குத் தப்படிக்க எந்தச் சாதியாள் என்பதைத் தோட்டத் துரை தீர்மானிக்கவில்லை.

1948இல் வெள்ளைக்காரன் கொடியை இறக்கினான். முந்திய ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த வாக்காளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களைக் கேட்டவர் இல்லை. மலையிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஜனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஓலத்துக்கு இரண்டு சுதந்திர நாடுகளும் பொறுப்பு. இதில் லண்டனை மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்வது வசதியான காரியம்.

கூடி அழுவதற்கு அந்த மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாசி மாதம் தோட்டந்தோறும் காமன் கூத்து நடக்கிறது. கம்பம் ஊன்றி, நாள்கணக்கில் இரவு இரவாக ஆடி, கடைசியில் காமனை எரித்து, ரதி அழும்போது கூட நின்று பார்க்கும் லயமே அழும். பிறகு காமன் எழுந்து வருவான். ஆடுகிறவரும் பார்க்கிறவரும் மறுநாள் காலை பெரட்டில் நிற்க வேண்டியவர்கள். இதற்காகத் தூக்கத்தை விடுகிறார்கள். துரைமாரும் இதைத் தடுக்கவில்லை, அதனால் கொழுந்து குறையாது என்று கணக்குப் போட்டிருப்பார்கள். தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்ல மேடையில்லாதவர்கள் ரதியின் வாயில் அதைச் சொல்லிக்கொண்டார்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆட்டத்திலும் சாதி வரிசை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம்.

அப்படி இந்தியா அனுப்பப்பட்டு இந்தக் கரைக்கு வந்தவர்கள் கதைக்கு வருவோம். தாயகம் திரும்பியோர் என்று அரசு சொன்னது. தாயகம் அவர்களைச் 'சிலோன்காரன்' என்றது. அவர்களுக்காகவே நீலகிரியில் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழும்பின. மறுபடி தேயிலை, மறுபடி லைன் வீடு, ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற அதே விதி. 2022இல் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க ஆணை வந்தபோது கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருந்த பயம் 1948க்குத் தெரிந்த பயம்தான். அக்காலத்தில் கண்டிக்கு, அதாவது இலங்கைத் தோட்டங்களுக்கு, போகும் ஆட்களை நோய்த்தடுப்புக்காக அடைத்து வைத்த மண்டபம் முகாமில் 1983க்குப் பிறகு ஈழ அகதிகள் இருக்கிறார்கள். இடத்தைக்கூட மாற்றவில்லை.

அடுத்த இரு இதழ்களில் 'கண்டிக்குப் போனவர்கள்' என்ற பகுதிக்குப் பக்கங்களை ஒதுக்குகிறோம். புதுக்கோட்டை, திருச்சி, சேலம், தஞ்சை, இராமநாதபுரம் பக்கத்து வாசகர்கள் தங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருந்து போனவர்களைப் பற்றிக் கேட்டு எழுதலாம். ஊரும் வட்டமும் வேண்டும். பெயர் தெரிந்தால் பெயர், தெரியாவிட்டால் இன்னார் மகன், இன்னார் தங்கை என்றாலும் போதும். ஆள் கட்டிப் போன குடும்பத்தாரும் எழுதலாம், அவர்கள் எழுதினால்தான் பாதிக் கதை தெரியவரும். சாதியைக் குறிப்பிடக் கூச்சம் வேண்டாம்.